தனி ஆளாகப் படம் எடுப்பவர்களுக்கு: கேமராவும் காட்சித் தரமும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உதவிக்கு ஆளில்லாமல், கையிலிருக்கும் கேமராவை நம்பிக் குறும்படமோ ஆவணப்படமோ எடுக்க இறங்குபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். கடிகாரம் பழுதுபார்க்கும் முதியவர் ஒருவரைப் பற்றித் தனியாக எட்டு நிமிடப் படம் ஒன்றை எடுத்தேன். அதில் நேர்ந்த தவறுகள் கற்றுக்கொடுத்தவையே இந்தப் பதில்களில் பாதி. ஆகவே அவர் அடிக்கடி இங்கே வந்துபோவார்.

என் கேமரா 4கே எடுக்கும். ஆனாலும் படம் ஏன் மலிவாகத் தெரிகிறது?

மலிவாகத் தெரிவதற்கும் பிக்சல் எண்ணிக்கைக்கும் பெரும்பாலும் தொடர்பில்லை. 4கே என்றால் 3840×2160, ஏறத்தாழ 83 லட்சம் பிக்சல்கள். ஜன்னல் வெளுத்துப்போய், அதன் முன்னால் முகம் இருண்டு கிடந்தால், அந்த 83 லட்சமும் வெளுப்பையும் இருட்டையும்தான் துல்லியமாகக் காட்டும்.

கடிகாரக்காரரை எடுத்த முதல் நாள் எனக்கு அதுதான் நடந்தது. அவர் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். முகத்துக்கு ஏற்றபடி வெளிச்ச அளவை வைத்தால் ஜன்னல் வெள்ளைத் தாளாகிவிட்டது. ஜன்னலுக்கு ஏற்றபடி வைத்தால் அவர் நிழலாகிவிட்டார். இரவு முழுவதும் கணினியில் போராடியும் அந்தக் காட்சிகளை மீட்க முடியவில்லை. மறுநாள் அவரிடம் அனுமதி கேட்டு, மேஜையைக் கால்வட்டம் திருப்பிப் போட்டோம். ஜன்னல் அவருக்குப் பக்கவாட்டில் வந்தது. அதே கேமரா, அதே லென்ஸ். விரல் நுனியில் ஒட்டியிருந்த உலோகத் தூளும், இடுக்கியின் முனையில் நடுங்கிய திருகாணியும் தெரிந்தன.

வெளிச்சத்தின் திசைக்கு அடுத்தபடியாகப் படத்தைக் கெடுப்பது கேமராவே செய்யும் 'அழகுபடுத்தல்'. பல கேமராக்கள் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே கூர்மையையும் நிறச்செறிவையும் தூக்கலாக வைத்துத்தான் வருகின்றன. தலைமுடியைச் சுற்றி வெள்ளைக் கோடு ஓடினால் காரணம் அதுதான். மெனுவில் ஷார்ப்னெஸ்ஸை அடிமட்டத்துக்கு இறக்கிவிடுங்கள். எடிட்டிங்கில் கூர்மையைக் கூட்டலாம். பதிவாகிவிட்ட செயற்கைக் கூர்மையை எடுக்க வழியில்லை.

அப்படியானால் 4கே தேவையே இல்லையா?

தேவை உண்டு, ஆனால் விளம்பரங்கள் சொல்லும் காரணத்துக்காக அல்ல. தனி ஆளிடம் இரண்டாவது கேமரா இருப்பதில்லை. 4கேயில் எடுத்து முழு எச்டி அளவில், அதாவது 1920×1080இல், வெளியிட்டால், ஒரே ஷாட்டிலிருந்து நடுத்தரக் காட்சியையும் நெருக்கக் காட்சியையும் வெட்டி எடுக்கலாம். இரட்டிப்பு நெருக்கத்துக்குப் போனாலும் தரம் குறையாது. சற்றே சாய்ந்த சட்டகத்தையும் நிமிர்த்திக்கொள்ளலாம்.

இன்னொரு நன்மையும் உண்டு. சாதாரண சென்சாரில், அதாவது கேமராவுக்குள் ஒளியைப் பதியும் சில்லில், ஒவ்வொரு பிக்சலும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்றில் ஒரு நிறத்தை மட்டுமே பார்க்கிறது. மற்ற இரண்டையும் அக்கம்பக்கத்துப் பிக்சல்களை வைத்துக் கேமரா கணக்கிட்டு நிரப்புகிறது. 4கேயை எச்டியாகச் சுருக்கும்போது நான்கு பிக்சல்கள் ஒன்றாகின்றன. ஊகித்து நிரப்பியதன் பங்கு குறைந்து படம் தெளிகிறது.

ஆனால் எச்டி மட்டுமே எடுக்கும் பழைய கேமரா உங்களிடம் இருக்கிறது என்பதற்காகப் படம் எடுப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். பிரெஞ்சு இயக்குநர் ஆன்யெஸ் வர்தா 2000இல் வெளியிட்ட ஆவணப்படத்தில், அறுவடை முடிந்த வயல்களிலும் குப்பைகளிலும் பொறுக்கி வாழ்பவர்களைத் தேடிப்போனார். அதில் ஒரு கையில் சிறிய டிஜிட்டல் கேமராவைப் பிடித்துக்கொண்டு, மூப்பு ஏறிய தன் மறுகையைத் தானே படமெடுக்கிறார். அக்காலத்து ஐரோப்பிய டிஜிட்டல் வீடியோவின் சட்டகம் 720×576; இன்றைய 4கேயில் சரியாக இருபதில் ஒரு பங்கு. அந்தக் கையின் சுருக்கங்களைப் பார்த்தவர்கள் யாரும் பிக்சல் குறைவு என்று வருந்தியதில்லை.

பிட்ரேட், 8 பிட், 10 பிட், 4:2:0 – இவற்றில் எதைப் பார்த்துக் கேமராவைத் தேர்ந்தெடுப்பது?

மூன்றும் ஒரே கேள்வியின் மூன்று முகங்கள்: கேமரா பார்த்ததில் எவ்வளவு தகவல் கார்டில் போய் உட்காருகிறது?

பிட்ரேட்டை, அதாவது ஒரு வினாடிக்கு எழுதப்படும் தகவலின் அளவை, முதலில் பார்ப்போம். 4கே, வினாடிக்கு 25 பிரேம் (தனித்தனிப் படங்கள்), 8 பிட், 4:2:0 என்ற கணக்கில் சுருக்கப்படாத காட்சி வினாடிக்கு ஏறத்தாழ 2,490 மெகாபிட். கேமரா அதை 100 மெகாபிட்டில் எழுதுகிறது என்றால், 25இல் ஒரு பங்காகச் சுருக்குகிறது. அசையாத மேஜையைச் சுருக்குவது எளிது. காற்றில் ஆடும் இலைகள், மழை, ஓடும் தண்ணீர் என்று சட்டகம் முழுவதும் மாறிக்கொண்டே இருந்தால் கேமரா திணறும். இலைகள் கட்டம் கட்டமாகக் கூழாகிவிடும். உங்கள் படம் வெளிப்புறங்களில் நடப்பதாக இருந்தால் பிட்ரேட்டில் கஞ்சத்தனம் வேண்டாம்.

8 பிட் என்றால் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள். 10 பிட் என்றால் 1,024. மொத்த நிறங்களாகச் சொன்னால் ஒன்றில் 1.67 கோடி, மற்றொன்றில் 107 கோடி. கண்ணுக்கு 1.67 கோடியே தாராளம் என்று தோன்றும். சிக்கல் வருவது வெறும் சுவரில். விளக்கருகே சற்று வெளிச்சமாகத் தொடங்கி மூலையில் மெல்ல மங்கும் சுவரை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த மொத்த மாற்றமும் 8 பிட்டில் 20 படிகளுக்குள் அடங்கிவிடலாம். 3840 பிக்சல் அகலத்தில் 20 படி என்றால் ஒவ்வொன்றும் 192 பிக்சல் அகலப் பட்டை. வானத்திலும் சுவரிலும் நீங்கள் காணும் பட்டைகள் இவைதான். எடிட்டிங்கில் மாறுபாட்டைக் கூட்டினால் பட்டைகள் இன்னும் தெளிவாகப் பல்லைக் காட்டும். 10 பிட்டில் அதே சுவருக்கு 80 படிகள் கிடைக்கின்றன.

4:2:0இல் வெளிச்ச அளவு ஒவ்வொரு பிக்சலுக்கும் பதிவாகிறது. நிறம் நான்கு பிக்சலுக்கு ஒரு முறைதான் பதிவாகிறது. நம் கண்ணும் நிறத்தைவிட வெளிச்ச வேறுபாட்டையே கூர்மையாக உணர்வதால் பெரும்பாலான காட்சிகளில் இது தெரியாது. பச்சைத் திரை வைத்துப் பின்னணியை மாற்றுபவர்களுக்கு மட்டும் விளிம்புகளில் தொல்லை கொடுக்கும்.

எனக்குத் தேர்வு செய்யும் வாய்ப்பு இருந்தால் 8 பிட் 4கேயைவிட 10 பிட் எச்டியைத்தான் எடுப்பேன். தயக்கமே இல்லை.

லாக்கில் எடுக்கலாமா?

லாக் என்பது வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் இடையிலுள்ள அகன்ற வீச்சைத் தட்டையாக அமுக்கிப் பதிவு செய்யும் முறை. பார்க்கச் சாம்பல் பூசியது போலிருக்கும். பிறகு நிறத் திருத்தத்தில் மீட்டெடுக்க வேண்டும். 10 பிட் கேமராவும், நிறத் திருத்தத்துக்குப் பொறுமையும் இருந்தால் எடுங்கள். 8 பிட்டில் எடுக்காதீர்கள்: ஏற்கெனவே குறைவாக உள்ள படிகளை அமுக்கி, பிறகு இழுத்தால் முன்பு சொன்ன பட்டைகள்தான் மிஞ்சும்.

தனி ஆளுக்கு இன்னொரு தடையும் உண்டு. பல கேமராக்களில் லாக்கின் அடிப்படை ஐ.எஸ்.ஓ., அதாவது ஒளியுணர்திறன் அளவு, 800 அல்லது அதற்கும் மேல். வெயிலில் அதை அடக்க அடர்த்தியான ஃபில்டர் வேண்டும். திரையில் தெரியும் மங்கல் படத்தை வைத்து எக்ஸ்போஷர் (பதிவாகும் வெளிச்ச அளவு) சரியா என்று முடிவு செய்வதும் கடினம். கவனிக்க ஏற்கெனவே பத்து விஷயங்கள் இருக்கும்போது பதினொன்றாவது எதற்கு? இயல்பான பிக்சர் புரொஃபைலில் (கேமராவின் நிற அமைப்பில்) கான்ட்ராஸ்ட்டைச் சற்றுக் குறைத்து, முகத்துக்குச் சரியாக எக்ஸ்போஷர் வைத்து எடுத்த காட்சி, தவறாக எடுத்த லாக்கைவிட எப்போதும் அழகாக இருக்கும்.

ஷட்டர் வேகத்தை எவ்வளவு வைப்பது?

வினாடிக்கு 25 பிரேம் எடுத்தால் 1/50 வினாடி. பிரேம் எண்ணிக்கையின் இரட்டிப்பு என்பது ஃபிலிம் காலத்திலிருந்து வரும் பழக்கம். அசைவில் ஒரு மெல்லிய கலங்கல் வரும். கண் அதைத்தான் இயல்பு என்று ஏற்கிறது. ஆட்டோவில் விட்டால் வெயிலில் கேமரா 1/2000க்குப் போய்விடும். நடப்பவர் வெட்டி வெட்டி நடப்பார்.

மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் உள்ள இடங்களில் பல விளக்குகள் வினாடிக்கு 100 முறை மினுக்கும். அங்கே 1/50, 1/100 பாதுகாப்பானவை. 60 ஹெர்ட்ஸ் உள்ள இடங்களில் 1/60, 1/120. சில எல்.இ.டி. விளக்குகள் இந்தக் கணக்குக்குக் கட்டுப்படாது. எடுக்கும் முன் பத்து வினாடி சோதனை செய்யுங்கள்.

வெயிலில் என்ன செய்வது? உச்சி வெயிலில் ஐ.எஸ்.ஓ. 100, ஷட்டர் 1/50 என்றால் லென்ஸின் துளையான அபர்ச்சரை எஃப் 22 வரை (எண் கூடக் கூடத் துளை சிறிதாகும்) மூடியாக வேண்டும். எஃப் 2.8இல் எடுக்க ஆசைப்பட்டால் ஆறு ஸ்டாப் வெளிச்சத்தைத் தடுக்க வேண்டும் (ஒவ்வொரு ஸ்டாப்பும் வெளிச்சத்தைப் பாதியாக்குவது), அதற்குத்தான் லென்ஸில் மாட்டும் கருங்கண்ணாடியான என்.டி. ஃபில்டர். ஆறு ஸ்டாப்புக்கு என்.டி. 64. லாக்கில் ஐ.எஸ்.ஓ. 800 என்றால் இன்னும் மூன்று ஸ்டாப் சேர்ந்து என்.டி. 512 ஆகிவிடும். திருகி அடர்த்தியை மாற்றும் ஃபில்டர் தனி ஆளுக்கு வசதி. ஆனால் கடைசி முனைவரை திருகினால் படத்தின் குறுக்கே கறுப்புப் பெருக்கல் குறி விழும்.

இரவுக் காட்சியில் படம் புள்ளி புள்ளியாக வருகிறது. வேறு கேமரா வாங்க வேண்டுமா?

முதலில் விளக்கை நகர்த்திப் பாருங்கள். சிறிய விளக்கு ஒன்று முகத்திலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி இருக்கிறது என்று வையுங்கள். அதை ஒரு மீட்டருக்குக் கொண்டுவந்தால் முகத்தில் விழும் வெளிச்சம் நான்கு மடங்காகும். ஐ.எஸ்.ஓ. 3200இலிருந்து 800க்கு இறங்கிவிடலாம். கேமராவை மாற்றிக்கூட இவ்வளவு பெரிய வித்தியாசத்தைப் பல நேரம் பெற முடியாது.

புள்ளிகளுக்கு அஞ்சி ஐ.எஸ்.ஓ.வைக் குறைத்து, இருட்டாக எடுத்து, எடிட்டிங்கில் ஏற்றலாம் என்று நினைப்பவர்கள் பலர். இது தலைகீழான வழி. நிழல் பகுதியில்தான் தகவல் குறைவு. அதை இழுக்கும்போது புள்ளிகளும் சேர்ந்தே வரும். இரவாக இருந்தாலும் முகத்தின் ஒரு பக்கத்துக்காவது போதிய வெளிச்சம் கொடுத்து, மீதியை இருட்டாகவே விடுங்கள். எங்கும் மங்கலாக இருப்பது இரவு ஆகிவிடாது. ஓரிடத்தில் வெளிச்சமும் சுற்றிலும் இருளும் இருந்தால்தான் கண் அதை இரவு என்று நம்பும்.

வெள்ளைப் படுக்கை விரிப்பு, தெர்மாகோல் பலகை, ஒரு கறுப்புத் துணி: இந்த மூன்றும் என் பையில் எப்போதும் இருக்கும். வெள்ளை வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும், கறுப்பு உறிஞ்சும். வெள்ளைச் சுவர்கள் சூழ்ந்த சிறிய அறையில் முகத்துக்கு ஆழமே வராமல் தட்டையாக இருக்கும். விளக்குக்கு எதிர்ப்பக்கம், முகத்துக்கு அருகில் கறுப்புத் துணியைத் தொங்கவிட்டால் கன்னத்தில் நிழல் இறங்குவதைக் கண்ணெதிரே பார்க்கலாம்.

நானே நடிக்கிறேன், நானே எடுக்கிறேன். ஃபோகஸ் எப்படிச் சரியாக வைப்பது?

பின்னணியைக் கலங்கடிக்கும் ஆசையை முதலில் விடுங்கள். 36×24 மில்லிமீட்டர் முழு அளவு சென்சார், 50 மில்லிமீட்டர் லென்ஸ், எஃப் 1.8, இரண்டு மீட்டர் தூரம் என்றால், தெளிவாகத் தெரியும் ஆழம் சுமார் 17 சென்டிமீட்டர்தான். நாற்காலியில் சற்றுச் சாய்ந்தாலே கண்கள் கலங்கிவிடும். எஃப் 5.6க்கு மூடினால் அது அரை மீட்டரைத் தாண்டுகிறது. நடிப்பவருக்கு உடம்பை அசைக்கச் சுதந்திரம் கிடைக்கிறது. சிறிய சென்சார் கேமராக்களில் இந்த ஆழம் இயல்பாகவே கூடுதல். தனி ஆளுக்கு அது வரம் என்றே சொல்வேன்.

நீங்கள் நிற்கப்போகும் இடத்தில் ஒரு விளக்குத் தாங்கியை நிறுத்தி, உங்கள் கண் உயரத்தில் அச்சிட்ட தாளை ஒட்டுங்கள். கேமராத் திரையைப் பெரிதாக்கி அந்த எழுத்துகளில் ஃபோகஸ் வைத்து, உடனே மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். தரையில் கால் வைக்கும் இடத்தை டேப்பால் குறியுங்கள். உட்காரும் காட்சி என்றால் லென்ஸிலிருந்து மூக்குவரை ஒரு நூலை அளந்து வைத்துக்கொண்டால் ஒவ்வொரு டேக்குக்கும் முன் ஒரு நொடியில் சரிபார்க்கலாம்.

முகத்தைத் தொடரும் ஆட்டோ ஃபோகஸ் இப்போது மிக நன்றாக வேலை செய்கிறது. நடந்து வரும் காட்சிகளுக்கு அதையே நம்புகிறேன். கைகள் செய்யும் வேலையை எடுக்கும்போது மட்டும் நம்பாதீர்கள். கடிகாரக்காரர் கண்ணில் பொருத்தியிருந்த உருப்பெருக்கிக்கும் கையிலிருந்த சக்கரத்துக்கும் இடையே என் கேமரா ஊசலாடிக்கொண்டே இருந்தது.

டிரைபாடா, கிம்பலா, கையிலேயே பிடிக்கலாமா?

டிரைபாட். அதை நிறுத்திவிட்டால் உங்களுக்கு இரண்டு கைகள் மிச்சம். கேமராவை ஆட்டமின்றித் தாங்கும் மோட்டார் பிடியான கிம்பல் அழகுதான், ஆனால் அதைச் சமன்செய்து, சார்ஜ் ஏற்றி, தூக்கிச் சுமப்பதிலேயே நாள் போய்விடும். கையில் பிடித்தால் மெதுவாக நகருங்கள். பெரும்பாலான சென்சார்கள் படத்தை வரிவரியாக வாசிப்பதால், வேகமாகத் திருப்பினால் கம்பங்களும் கதவுகளும் சாய்ந்து தெரியும்.

கேள்வி காட்சித் தரம் பற்றியது. எல்லோரும் ஏன் ஒலியைப் பற்றியே பேசுகிறார்கள்?

ஏனெனில் ஒலி கெட்டிருந்தால் பார்ப்பவர் படத்தையும் சேர்த்தே மோசம் என்கிறார். புள்ளி விழுந்த காட்சியை ஐந்து நிமிடத்தில் கண் பழகிக்கொள்ளும். எதிரொலிக்கும் குரலைக் காது கடைசிவரை மன்னிக்காது.

மைக்கின் விலையைவிடத் தூரம் முக்கியம். வாய்க்கும் மைக்குக்கும் உள்ள இடைவெளியைப் பாதியாக்கினால் குரல் 6 டெசிபல் உயரும். அறையின் எதிரொலி ஏறக்குறைய அப்படியே இருக்கும். கேமரா மேல் மாட்டிய நல்ல மைக்கைவிடச் சட்டையில் குத்திய எளிய மைக் நன்றாகக் கேட்பது இதனால்தான். ஒலிப்பதிவை 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்று வைத்து, உரக்கப் பேசும்போது மீட்டர் மைனஸ் 12 டெசிபலை ஒட்டி நிற்கும்படி அமைத்தால் போதும். ஹெட்ஃபோனைக் கழற்றாதீர்கள். நான் அரை நாள் அதை மாட்டாமல் எடுத்தேன். சட்டை மைக் இணைந்திருந்தது. கேமராவோ தன் உள் மைக்கைத்தான் பதிவு செய்துகொண்டிருந்தது. கடிகாரக்காரர் தன் தொழில் வாழ்க்கையைப் பற்றிச் சொன்ன அத்தனையும் சுவர்க் கடிகாரங்களின் ஓசையில் கரைந்துபோயிற்று.

மறுநாள் வேறொரு சிக்கல் தெரிந்தது. குரல் தெளிவாக இருந்தது. ஆனால் பேச்சை வெட்டிய இடங்களில் எல்லாம் பின்னணியின் 'டிக் டிக்' தாளம் தப்பியது. அவரிடம் சொன்னேன். அவர் எழுந்து ஊசல் கடிகாரங்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டு நிறுத்தினார். பேட்டி முடிந்ததும் எல்லாவற்றையும் மீண்டும் ஓடவிட்டு, இரண்டு நிமிடம் அந்த ஓசையை மட்டும் தனியாகப் பதிவு செய்தேன். படம் முழுவதும் கேட்பது அந்த இரண்டு நிமிடம்தான். எந்த இடத்தில் எடுத்தாலும் அந்த இடத்தின் வெறும் ஓசையைத் தனியாகப் பதிந்து வாருங்கள்.

மொபைல் போதுமா?

போதும். 2015இல் வெளியான 'டேஞ்சரின்' திரைப்படம் ஐபோன் 5எஸ்ஸில் எடுக்கப்பட்டது. ஆனால் வெறும் போனில் அல்ல. கூடுதல் லென்ஸும், எக்ஸ்போஷரையும் ஃபோகஸையும் பூட்டும் செயலியும் சேர்ந்திருந்தன. அந்தப் பூட்டுதான் முக்கியம். போனை அதன் போக்கில் விட்டால் ஒவ்வொரு அசைவுக்கும் வெளிச்சமும் நிறமும் ஏறி இறங்கும். பல போன்கள் பிரேம் வேகத்தையும் தாமே மாற்றிக்கொள்வதால் நீண்ட பேட்டியில் உதடும் ஒலியும் விலகும்; நிலையான பிரேம் வேகத்தில் எடுக்கும் செயலியைப் பயன்படுத்துங்கள்.

கையில் இருக்கும் பணம் குறைவு. எதற்கு முதலில் செலவிடுவது?

மைக், டிரைபாட், என்.டி. ஃபில்டர், கூடுதல் பேட்டரியும் மெமரி கார்டும், ஒரு நல்ல எல்.இ.டி. விளக்கு என்ற வரிசையில் வாங்குவேன். விளக்கில் நிறத் துல்லியக் குறியீடு (CRI) 95க்குக் குறையாமல் பாருங்கள்; அது மிகவும் குறைந்தால் தோலின் நிறம் நோய்ப்பட்டது போலாகிவிடலாம். இவை எல்லாம் அடுத்த கேமராவுக்கும் உதவும். கேமரா உடலை மாற்றுவது கடைசி.

கார்டை எப்போது அழிக்கலாம்?

இரண்டு வெவ்வேறு டிஸ்க்குகளில் நகல் ஏறி, இரண்டையும் திறந்து பார்த்த பிறகு. 100 மெகாபிட்டில் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி ஆகும். அதற்கேற்ப இடம் ஒதுக்குங்கள்.

எடிட்டிங்கில் கணினி திணறுகிறது.

கேமரா பெரும்பாலான பிரேம்களில் முந்தைய, பிந்தைய பிரேமிலிருந்து மாறியதை மட்டும் எழுதுகிறது. கணினி ஒவ்வொரு முறையும் முழுப் பிரேமைக் கட்டியெழுப்ப வேண்டியிருக்கிறது. பிராக்ஸி எனப்படும் இலகுவான நகல்களை உருவாக்கி அவற்றில் வெட்டுங்கள். இறுதியில் மென்பொருள் அசல் கோப்புகளுக்கு மாறிக்கொள்ளும். டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பிலும் இந்த வசதி உண்டு.

எல்லாவற்றையும் நான் ஒருவனே கவனிக்க முடியவில்லை. என்ன செய்வது?

முடியாதுதான். பெரிய படப்பிடிப்பில் ஃபோகஸுக்கு ஒருவர், ஒலிக்கு ஒருவர், விளக்குக்கு ஒருவர் இருக்கிறார்கள். நம்மிடம் இருப்பது ஒரே ஒரு ஆளின் கவனம். பணத்தைவிட அதுதான் முதலில் தீர்ந்துபோகிறது. அதனால் டேக் தொடங்கும் முன்பே பூட்டக்கூடிய அனைத்தையும் பூட்டிவிடுகிறேன். வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் வைட் பேலன்ஸ் பகல் வெளிச்சத்துக்கு 5600 கெல்வினில், பழைய இழை பல்புக்கு 3200இல். ஷட்டர், ஐ.எஸ்.ஓ., அபர்ச்சர் எல்லாம் மேனுவலில்; நடந்து வரும் காட்சிகள் தவிர ஃபோகஸும் அப்படியே. முதல் நாள் கடிகாரக்காரர் சிவப்புத் துணி ஒன்றை மேஜையில் விரித்தபோது ஆட்டோ வைட் பேலன்ஸ் அவருடைய கைகளைப் பச்சையாக்கியது. அதற்குப் பிறகு ஆட்டோ வைட் பேலன்ஸ் பக்கமே போகவில்லை.

டிரைபாடின் காலில் ஒரு சிறிய அட்டையைக் கட்டி வைத்திருக்கிறேன். அதில் ஐந்து வரிகள்: கார்டில் இடம், பேட்டரி, ஹெட்ஃபோனில் குரல், ஃபோகஸ் பூட்டு, பதிவு ஓடுவதைக் காட்டும் சிவப்பு விளக்கு. ஒவ்வொரு டேக்குக்கும் முன் விரலை வைத்து வாசிப்பேன்.

மூன்றாம் நாள் அந்த ஐந்தையும் பார்த்து முடித்து, பதிவைத் தொடங்கிவிட்டு, கேமராவுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியில் உட்கார்ந்தேன். திரையைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தேன். பதினோரு நிமிடம் அவர் எதுவும் பேசவில்லை. பிறகு ஒரு கைக்கடிகாரத்தை உள்ளங்கையில் வைத்து மெல்ல ஊதினார். உள்ளே நின்றிருந்த சிறு சக்கரம் அசைந்தது. அவர் நிமிர்ந்து, லென்ஸைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். படத்தின் கடைசி நாற்பது வினாடிகள் அவைதான்.